வங்கத் தாலாட்டில் குதிரைப்படை

அழுகின்ற குழவியைத் துயிலச் செய்யும் பாட்டில் நிலவு வரும், கிளி வரும், மாமன் வருவான். வரி கேட்கும் குதிரைப்படை வருவதுண்டோ? வங்க நாட்டில் வருகிறது. கொல்கத்தாவிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் தாய்மார் தலைமுறை தலைமுறையாகப் பாடிவரும் தாலாட்டு ஒன்று, பிள்ளை உறங்கியதைச் சொன்ன மூச்சிலேயே 'பர்கி'கள் நாட்டினுள் புகுந்த செய்தியையும் சொல்லிவிடுகிறது. விளைந்த நெல்லோ பறவைகளின் வாயில் போயிற்று. இனி வரிக்கு எங்கே போவது என்பது தாயின் கவலை.

பர்கி என்போர் யாவர்? மராட்டியப் படையில் சொந்தக் குதிரையுடன் வந்து சேர்ந்தவன் சிலேதார். அரசு தந்த குதிரையில் ஏறியவன் பார்கீர். அச்சொல்லே வங்காளிகளின் நாவில் பர்கி ஆயிற்று. 1740இல் அலிவர்திகான் வங்கத்தின் நவாப் ஆனார். 1742இல் நாகபுரி ரகோஜி போன்ஸ்லேயின் படை பாஸ்கர பண்டிதரின் தலைமையில் வங்கத்தினுள் நுழைந்தது. 1744இல் பாஸ்கர பண்டிதரைச் சமாதானம் பேச அழைத்துக் கொன்றார் நவாப். அதனாலும் படையெடுப்பு நின்றபாடில்லை. ஆண்டுக்குப் பன்னிரண்டு இலட்சம் ரூபாய் சௌத் தருவதாக 1751இல் உடன்பட்ட பின்னரே ஓய்ந்தது.

அக்காலத்தவரான கங்காராமர் 'மகாராஷ்டிர புராணம்' என்னும் நூலில் மக்கள் ஓடிய ஓட்டத்தை விவரித்திருக்கிறார். பண்டிதர் சுவடிகளைச் சுமந்து ஓடினர். பொற்கொல்லர் தராசுடன் ஓடினர். நிறைசூலிகள் வழியிலேயே பிள்ளை பெற்றனர். அத்தகைய நாளில் குழந்தையின் அழுகுரல் வீட்டுக்கு மட்டும் தொல்லையன்று. பதுங்கியிருப்போர் அனைவரையுமே காட்டிக்கொடுத்துவிடும். பிள்ளை உறங்கியதும் தெரு முழுவதும் அமைதியுற்றதாகப் பாட்டு கூறுவதை நான் இவ்வாறே பொருள் கொள்கிறேன். அங்கு ஆளப்படும் வங்கச் சொல்லுக்குக் 'குளிர்தல்' என்றும் பொருளுண்டு. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு, 'மனம் குளிர்ந்தது' என்னும் நம் வழக்கன்றி வேறு நல்ல ஈடு கிடைக்கவில்லை.

கொல்கத்தா நகரத்தாரையும் அச்சம் பற்றியது. அவர்கள் வேண்டுகோளின்படி 1742இல் நகரைச் சுற்றி மராட்டிய அகழி தோண்டத் தொடங்கினர். ஏழு மைல் தோண்டுவதாக ஏற்பாடு. ஆறு மாதத்தில் மூன்று மைல் முடிந்தது. எதிர்பார்த்த பகைவர் நகருக்கு வரவில்லை, வேலை நின்றது. 1756இல் வந்த சிராஜுத்தௌலாவின் படையை அவ்வகழி தடுக்கவுமில்லை! 1799இல் அதன் பெரும்பகுதியைத் தூர்த்துச் சர்க்குலர் ரோடு அமைத்தனர்.

படையும் வரியும் கைக்குழந்தைக்கு விளங்குமோ? விளங்கா. பிறந்த ஆறாவது வாரத்தை ஒட்டி அழுகை உச்சத்தை அடைந்து பின்பு குறைகிறது என்பதை அமெரிக்க மருத்துவர் பிரேசல்டன் 1962இல் எழுதினார். தாய் ஏந்தி நடக்கும்போது சேயின் அழுகை அடங்கி இதயத் துடிப்பும் தணிவதை ஜப்பானிய ஆய்வாளர் 2013இல் அளந்து காட்டினர். நம் பாட்டிமார் தோளிலிட்டு உலவியதும், தூளி கட்டி ஆட்டியதும் வீண் வழக்கமல்ல. குழந்தைக்கு வேண்டியவை குரலும் அசைவுமே; சொற்கள் தாய்க்கு உரியவை. தமிழ்த்தாய் 'உன்னை அடித்தவர் யார்' என்று உறவினரை வரிசையாக விசாரிக்கிறாள். புகுந்த வீட்டுக் குறையெல்லாம் அவ்விசாரணையில் வந்துவிடும். வங்கத்தாய்க்குக் குறை நவாபின் ஆளிடமா, மராட்டியனிடமா? பாட்டு அதைப் பிரித்துச் சொல்லவில்லை. குடியானவளுக்கு இருவரும் ஒருவரே போலும்.

இத்தகைய பாட்டுகள் அழிந்துவிடுமுன் தொகுக்கப்பட வேண்டுமென்று 1894இல் எழுதியவர் ரவீந்திரநாத தாகூர். யோகீந்திரநாத் சர்க்காரின் குழந்தைப்பாட்டுத் தொகுதி 1899இல் கொல்கத்தாவில் வெளிவந்தது. சில ஊர்களில் பர்கிப் பாட்டு மேலும் சிறிது நீளும். அங்கே தாய், தோட்டத்துப் பூண்டு விளையும்வரை தவணை கேட்கிறாள்.