கருமணலும் கருத்தரங்கும்

திருவிதாங்கூர்க் கடற்கரையின் கருமணலைப் பற்றிய அறிவு முதலில் வணிக ரகசியமாக இருந்தது. அரங்கில் பேசும் பொருளானது பிறகுதான். அந்த வரலாற்றின் இரண்டு இடங்கள் திருவனந்தபுரத்திலிருந்து கரமனை வழியே நாகர்கோவில் செல்லும் சாலையை ஒட்டி இருக்கின்றன. கரமனைப் பாலம் தாண்டிச் சிறிது தூரத்தில் பாப்பனங்கோடு, அங்கே கனிமங்களையும் ஆராயும் ஆய்வுக்கூடம். தெற்கே தக்கலையில் கடற்கரைப் பக்கம் திரும்பினால் மணவாளக்குறிச்சி, மணல் ஆலை.

1909இல் ஜெர்மானிய வேதியியலர் ஷோம்பெர்க், இங்கிருந்து ஏற்றுமதியான தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டார். கேஸ் விளக்கின் மேன்டிலுக்குத் தேவையான தோரியம் அதில்தான் இருந்தது. அதுவரை பிரேசில் மணலை நம்பியிருந்த விளக்குத் தொழிலுக்கு இது பெரும் சேதி. ஓரிரு ஆண்டுகளுக்குள் மணவாளக்குறிச்சியில் ஆலை எழுந்தது.

அறிவு பொதுவுக்கு வந்தது 1914இல். இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் ஜி. எச். டிப்பர், திருவிதாங்கூர் மோனசைட் மணலைப் பற்றி எழுதிய கட்டுரை துறையின் ஆவண இதழில் அச்சானது. அதற்கு முன்பே, 1906இல், கல்கத்தாவில் சுரங்க, புவியியல் கழகம் தொடங்கப்பட்டிருந்தது. கூட்டத்தில் கட்டுரை வாசிப்பதும் அதன்மேல் விவாதிப்பதும் அத்தகைய கழகங்களின் வழியாகவே இந்தியச் சுரங்கத் தொழிலில் வேரூன்றின.

விடுதலைக்குப் பின் 1950இல் இந்திய அருமண் நிறுவனம் உருவாகி, 1952இல் ஆலுவாவில் மோனசைட் ஆலை திறக்கப்பட்டது. 1956 நவம்பர் 1 அன்று மணவாளக்குறிச்சி அன்றைய சென்னை மாநிலத்தோடு (இன்றைய தமிழ்நாடு) சேர்ந்தது. இதே கருமணல் கிடைக்கும், கொல்லத்தை அடுத்த சவறா கேரளத்தில் நின்றது. மாநிலங்கள் இரண்டானாலும் ஆய்வாளருக்குக் கரை ஒன்றே. 1975இல் திருவனந்தபுரத்தில் தொடங்கி, 1978இல் வட்டார ஆய்வுக்கூடமாகி, 2007இல் தேசியப் பல்துறை அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் என்று பெயர் மாறிய பாப்பனங்கோட்டுக் கூடம் இம்மணலை நெடுங்காலமாக ஆராய்ந்து வருகிறது. இந்தியக் கனிமப் பொறியாளர் கழகத்தின் கனிமப் பதப்படுத்தல் பன்னாட்டுக் கருத்தரங்கு 2008இல் இங்கே கூடியது. 1952இல் லண்டனில் தொடங்கிய உலகக் கனிமப் பதப்படுத்தல் மாநாடு புதுதில்லிக்கு வர 2012 ஆனது.

அரங்கில் பேசப்படும் விஷயம், ஒரு கைப்பிடி மணலைப் பிரிப்பதுதான். கடற்கரை வெண்மணலின் அடர்த்தி 2.65; கருமணலில் உள்ள கனக் கனிமங்களான இல்மனைட், சிர்க்கான் இரண்டும் 4.5ஐத் தாண்டும். ஸ்பைரலில் நீரோடு விட்டால் கனத்தது உட்பக்கம் ஒதுங்கும். பிறகு உயர் மின்னழுத்தம்: இல்மனைட்டும் ரூட்டைல் என்னும் இன்னொரு கனிமமும் மின்சாரத்தைக் கடத்தும், சிர்க்கானும் மோனசைட்டும் கடத்தா. காந்தம் வைத்தால் இல்மனைட் ரூட்டைலை விட்டுப் பிரியும். மோனசைட்டை இழுக்க வலுவான காந்தம் வேண்டும்.

பேச்சைத் தயாரிப்பவர் முதலில் சரிபார்க்க வேண்டியது கணக்கை. உதாரணமாக, 100 கிலோ மணலில் 40 கிலோ கனக் கனிமம். பிரித்தெடுத்த செறிவு 45 கிலோ, அதில் 80 விழுக்காடு கனிமம் என்றால் 36 கிலோ கிடைத்தது, மீட்பு 90 விழுக்காடு. மிச்சம் 55 கிலோ கழிவில் 4 கிலோ, அதாவது சுமார் 7.3 விழுக்காடு இருந்தாக வேண்டும். ஆய்வுக்கூடச் சீட்டு 12 என்று காட்டினால் கழிவில் மட்டும் 6.6 கிலோ வந்துவிடும். உள்ளே போனதைவிட வெளியே வந்தது அதிகம். மாதிரி எடுத்ததிலோ அளவிட்டதிலோ பிழை. ஆலையில் நாள்தோறும் இதே கணக்கைப் போடும் பொறியாளர் முன்வரிசையிலேயே இருப்பார். அவர் கண் முதலில் கழிவு வரிசைக்குத்தான் போகும். அழகான படங்கள் எத்தனை இருந்தாலும் இந்தப் பிழையை மறைக்கா. பெரும்பாலும் 15, 20 நிமிடமே கிடைப்பதால், மணல் எந்தக் கரையில், எந்த ஆழத்தில், எந்தப் பருவத்தில் எடுக்கப்பட்டது என்பதைத் தொடக்கத்திலேயே சொல்வது நல்லது. அலை ஒவ்வொரு பருவத்திலும் கரையை மாற்றி அடுக்குகிறது. இதைச் சொல்லாத முடிவு வேறு எவருக்கும் பயன்படாது.

இல்மனைட், ரூட்டைல், சிர்க்கான் ஆகியவை 2007 தொடக்கத்தில் அணுசக்திச் சட்டப் பட்டியலிலிருந்து நீங்கின. மோனசைட் நீங்கவில்லை, அதைக் கையாள இன்றும் அணுசக்தித் துறையின் உரிமம் வேண்டும். ஆகவே மோனசைட்டைத் தொடும் பேச்சாளர், எந்த எண்ணை அரங்கில் சொல்லலாம் என்று தம் நிறுவனத்திடம் கேட்டறிந்த பிறகே ஆய்வுச் சுருக்கத்தை அனுப்ப வேண்டும்.