நியூசிலாந்தின் குடும்பக் குழுக் கூட்டம்

குற்றம் செய்த சிறுவனையும் அவன் குடும்பத்தாரையும் அவனால் பாதிக்கப்பட்டவரையும் ஒன்றாக அமர்த்திப் பேசவைத்து, வழக்கைத் தீர்க்க முயலும் முறை குடும்பக் குழுக் கூட்டம் எனப்படுகிறது. நியூசிலாந்து 1989ஆம் ஆண்டு இதைச் சட்டமாக்கியது.

அச்சட்டத்தின் பின்னே மாவோரி மக்களின் நீண்ட கோபம் இருந்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் அவர்கள் கூட்டம்கூட்டமாக நகரங்களுக்குக் குடிபெயர்ந்தனர். அங்கே சில்லறைத் திருட்டிலும் ஊர்சுற்றலிலும் பிடிபட்ட பிள்ளைகள், உறவினரிடமிருந்து பிரிக்கப்பட்டு எபூனி, கோஹிதெரே போன்ற அரசுச் சிறுவர் இல்லங்களில் அடைக்கப்பட்டனர். திருத்துவதற்கென்று நடத்தப்பட்ட அந்த இல்லங்களில் அடியும் வன்கொடுமையும் நடந்தன. 2024இல் அரச விசாரணை ஆணையம் இதை உறுதிசெய்தது. அவ்வாண்டு நவம்பரில் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். எவ்வளவு தாமதம்!

ஆனால் மாவோரிப் பெரியவர்கள் 1980களிலேயே இதை எடுத்துரைத்திருந்தனர். ஜான் ராங்கிஹாவ் தலைமையிலான குழு, 'விடியல்' என்று பொருள்படும் மாவோரிப் பெயரில் அரசுக்கு அறிக்கை அளித்தது. பிள்ளை தனிமரம் அல்ல, அவன் சுற்றத்துக்கும் குலத்துக்கும் உரியவன். அவனைப் பற்றிய முடிவில் அவர்களுக்கு இடம் வேண்டும் என்பதே அதன் வாதம்.

புதிய சட்டப்படி, பொதுநலன் கோரினாலன்றி, வேறு வழி இருக்கும்போது சிறார்மீது குற்ற வழக்குத் தொடரக்கூடாது. சிறு தவறுகளைக் காவல்துறையே எச்சரிக்கையோடு முடித்துவிடும். மற்றவை கூட்டத்துக்கு வரும். சிறுவன் குற்றத்தை மறுக்காதபோது, பாதிக்கப்பட்டவர் தமக்கு நேர்ந்ததைச் சொல்வார். பிறகு அதிகாரிகள் வெளியேற, குடும்பத்தார் தனியே கலந்துபேசுவர். மன்னிப்பு, இழப்பீடு, ஊருக்கு உழைப்பு என ஒரு திட்டம் உருவாகும். அனைவரும் ஏற்று, சிறுவனும் அதை நிறைவேற்றினால், பெரும்பாலும் குற்றப்பதிவின்றி விவகாரம் முடியும். இதை எளிய தண்டனை என்பார் உண்டு. தன் பாட்டியின் முன்னிலையில், தான் திருடிய வீட்டுக்காரரின் முகத்தைப் பார்த்துப் பேசுவது அப்படியொன்றும் எளிதன்று. கொலை வழக்குகள் இம்முறைக்குள் வருவதில்லை.

ஆஸ்திரேலியாவின் வாகா வாகா நகரக் காவல்துறை 1991இல் இம்முறையைத் தன் போக்கில் மாற்றி எடுத்துக்கொண்டது.

குறைகளும் உள்ளன. கூட்டத்தைக் கூட்டுபவர் அரசு ஊழியரே. பாதிக்கப்பட்டவர் வராத கூட்டங்களும் உண்டு. மாவோரிகளின் பெயரால் வந்த சட்டம் நடைமுறைக்கு வந்த பின்னும், இளையோர் நீதிமன்றத்தில் மாவோரிப் பிள்ளைகளின் பங்கு மக்கள்தொகை விகிதத்தைவிட மிக அதிகமாகவே உள்ளது. அதனால் 2008இல் கிஸ்பர்ன் நகரில் மராய் எனப்படும் குலக்கூடத்திலேயே நீதிமன்றம் கூடத் தொடங்கியது. அங்கே குலமூத்தோர் நீதிபதியுடன் அமர்கின்றனர். கூட்டத்தில் வகுத்த திட்டம் நிறைவேறுகிறதா என்று பார்க்கின்றனர். சிறுவன் தன் மலை, ஆறு, முன்னோர் ஆகியவற்றின் பெயர்களை மாவோரி மொழியில் சொல்லித் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளக் கற்க வேண்டும். நகரில் பிறந்த பலர் அப்பெயர்களை அப்போதுதான் முதன்முறையாகக் கேட்டறிகின்றனர்.