ஒலிமுழக்கம்

ஒலியை விட வேகமாகச் செல்லும் பொருளின் அதிர்ச்சி அலை, கேட்பவர் காதில் வெடியோசையாக விழுவது ஒலிமுழக்கம் எனப்படும். நாளிதழ்கள் இதனைச் சோனிக் பூம் என்று எழுதுகின்றன. அல்லிநகரம் போன்ற ஊர்களில் மாட்டுவண்டிக்காரர் சொடுக்கும் சாட்டையின் ஓசையும் இவ்வகையே. சாட்டை நுனி ஒரு கணம் ஒலியின் வேகத்தைக் கடக்கிறது.

காரணம்

பறக்கும் விமானத்தின் அழுத்த அலைகள் எல்லாத் திசையிலும் ஒலியின் வேகத்தில் பரவுகின்றன. 15 பாகை செல்சியசில் இவ்வேகம் மணிக்கு ஏறத்தாழ 1,225 கி.மீ. விமானம் இதை மிஞ்சினால், அலைகள் முன்னே செல்ல இயலாமல் நெருங்கிக் கூம்பு வடிவில் பின்தொடர்கின்றன. மூக்கிலும் வாலிலும் எழும் அலைகள் அடுத்தடுத்து வருவதால் பெரும்பாலும் இரட்டை ஓசை கேட்கும். ஒலித்தடையைத் தாண்டும் நொடியில் மட்டுமே முழக்கம் எழும் என்பது தவறான கருத்து. ஒலியை விட வேகமாகப் பறக்கும் வரை, கூம்பு கடக்கும் ஊர்களில் எல்லாம் அது கேட்கும்.

வரலாறு

துப்பாக்கிக் குண்டின் அதிர்ச்சி அலையைக் காட்டும் ஒளிப்படங்களை எர்ன்ஸ்ட் மாக், பீட்டர் சால்ச்சர் ஆகியோர் 1887இல் வெளியிட்டனர். 1947 அக்டோபர் 14 அன்று சக் யேகர், பெல் எக்ஸ்-1 விமானத்தில் ஒலியின் வேகத்தைக் கடந்தார். 1964இல் அமெரிக்காவின் ஓக்லகோமா நகரத்தின் மீது ஆறு மாதங்களில் 1,253 முழக்கங்கள் சோதனைக்காக எழுப்பப்பட்டன. சன்னல் கண்ணாடிகள் உடைந்தன. 27 விழுக்காட்டினர் இதைப் பொறுத்து வாழ முடியாது என்றனர். 1973இல் அந்நாடு தன் நிலப்பரப்பின் மேல் பயணிகள் விமானங்கள் ஒலியை விட வேகமாகப் பறப்பதைத் தடை செய்தது.

இந்தியாவில்

ஒலியை மிஞ்சும் மிக்-21 போர் விமானங்கள் 1963இல் இந்திய வான்படையில் சேர்ந்தன. 2020 மே 20 அன்று பிற்பகல் பெங்களூரை ஒரு பேரோசை உலுக்கியது. பலர் நிலநடுக்கம் என்று அஞ்சினர். ஆனால் நில அதிர்வுக் கருவிகளில் எதுவும் பதிவாகவில்லை. வான்படையின் சோதனை விமானம் ஒன்று 36,000 முதல் 40,000 அடி உயரத்தில் ஒலியின் வேகத்திற்குக் கீழ் இறங்கியபோது முழக்கம் எழுந்திருக்கக்கூடும் என்று பாதுகாப்புத் துறை பின்னர் அறிவித்தது. 65 முதல் 80 கி.மீ. தொலைவில் விமானம் இருந்தாலும் இவ்வோசை கேட்கும் என்றும் விளக்கியது.

தமிழகத்தில் சூலூரில் 2018 முதல் தேஜஸ் விமானங்களும், தஞ்சாவூரில் 2020 முதல் சுகோய்-30 விமானங்களும் அணிகளாக நிறுத்தப்பட்டுள்ளன. இரண்டும் ஒலியை மிஞ்சக்கூடியவை. ஓசை வந்து சேர்வதற்குள் விமானம் வெகுதொலைவு சென்றுவிடும். எனவே அண்ணாந்து பார்ப்பவருக்கு வானம் வெறுமையாகவே தெரியும். நிலநடுக்கம், கல்குவாரி வெடி என்று வதந்தி பரவ இதுவே முதற்காரணம். உடனடி அரசு அறிவிப்பே அச்சத்தைத் தணிக்கும்.