கொலராடோ ஆற்றில் பிரிந்த நண்பர்கள்

நண்பர்களோடு ராஃப்டிங் போவது இப்போது சாதாரண விஷயம். ஹெல்மெட், லைஃப் ஜாக்கெட், கூடவே வழி தெரிந்த ஒரு கைடு. இதெல்லாம் இல்லாமல், அடுத்த வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்றே தெரியாமல் பத்து பேர் ஒரு ஆற்றில் இறங்கினார்கள். வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பயணங்களில் அதுவும் ஒன்று.

1869 மே 24. அமெரிக்காவின் வயோமிங் பகுதியில் உள்ள கிரீன் ரிவர் என்ற ஊரிலிருந்து நான்கு மரப்படகுகள் கிளம்பின. தலைவர் ஜான் வெஸ்லி பவல். உள்நாட்டுப் போரில், 1862 ஷைலோ சண்டையில், வலது கையை இழந்தவர். கூட வந்தவர்களில் பலர் கொலராடோ மலைகளில் ஒன்றாக வேட்டையாடித் திரிந்த கூட்டாளிகள். லைஃப் ஜாக்கெட் பவலிடம் மட்டும்தான் இருந்தது! கிராண்ட் கேன்யன் வழியாக ஓடும் கொலராடோ ஆற்றை முழுமையாக ஆராய்வதுதான் நோக்கம்.

பத்து மாதத்துக்கான உணவோடு கிளம்பியவர்கள், ஜூன் மாதமே லோடோர் பள்ளத்தாக்கில் ஒரு படகைப் பறிகொடுத்தார்கள். அதிலிருந்த ஓரமெல் ஹவ்லாண்ட், அவர் தம்பி செனெகா, ஃபிராங்க் குட்மேன் மூவரும் உயிர் பிழைத்தார்கள். ஆனால் உணவில் பெரும் பங்கு போய்விட்டது. ஜூலையில் குட்மேன் விலகிக்கொண்டார். ஆகஸ்டில் மிச்சமிருந்தது பூஞ்சை பிடித்த மாவும், கொஞ்சம் உலர்ந்த ஆப்பிளும், காபியும்தான்.

ஆகஸ்ட் 27 அன்று, அதுவரை பார்த்ததிலேயே மோசமாகத் தெரிந்த நீர்ச்சரிவு எதிரே வந்தது. அன்றிரவு ஓரமெல் ஹவ்லாண்ட் பவலிடம் வந்து, ஆற்றை விட்டுவிடலாம் என்றார். பவல் இரவெல்லாம் மணலில் நடந்துகொண்டே யோசித்தார். ஒரு கட்டத்தில் அவருக்கே விட்டுவிடலாம் என்று தோன்றியது என்பதை அவரே பின்னர் எழுதியிருக்கிறார்.

காலையில் ஹவ்லாண்ட் சகோதரர்களும் வில்லியம் டன்னும் மலையேறிப் போவதென்று முடிவு செய்தார்கள். இங்கேதான் கதை நெஞ்சைத் தொடுகிறது. சண்டை இல்லை, சாபம் இல்லை. கிளம்பும் முன் அந்த மூவரும் மற்றவர்களின் படகுகளைப் பாறை மேல் தூக்கி இறக்க உதவினார்கள். மற்றவர்கள் அவர்களுக்குத் துப்பாக்கிகள் கொடுத்தார்கள். சமையல்காரர் ரொட்டி சுட்டு வைத்தார். ஜாக் சம்னர் தன் கடிகாரத்தைக் கொடுத்து, தான் செத்துவிட்டால் சகோதரியிடம் சேர்த்துவிடச் சொன்னார். பாவம் அவர்கள், சாகப்போகிறார்கள் என்றுதான் இரு தரப்பும் மற்றவரைப் பற்றி நினைத்தது.

படகில் போன ஆறு பேரும் அந்தச் சரிவை ஏறக்குறைய ஒரே நிமிடத்தில் கடந்துவிட்டார்கள். கீழே நின்று துப்பாக்கியால் சுட்டு, நாங்கள் பிழைத்தோம், வாருங்கள் என்று சைகை செய்து காத்திருந்தார்கள். யாரும் வரவில்லை. மறுநாளே கேன்யனை விட்டு வெளியே வந்துவிட்டார்கள்.

மலையேறிய மூவரும் ஊர் சேரவே இல்லை. ஷிவ்விட்ஸ் பழங்குடியினர் அவர்களை வேறு யாரோ குற்றவாளிகள் என்று நினைத்துக் கொன்றதாக 1870இல் பவலுக்குச் சொல்லப்பட்டது. மார்மன் குடியேறிகள் மீதும் சிலருக்குச் சந்தேகம் உண்டு. உடல்கள் கிடைக்கவில்லை.

பிற்காலத்தில் கிராண்ட் கேன்யனில் பவல் குழுவுக்கு நினைவுச் சின்னம் எழுப்பியபோது, இந்த மூவரின் பெயரையும் அதில் சேர்க்கவில்லை. ஓடிப்போனவர்களாம்! எனக்கு அது நியாயமாகப் படவில்லை. அன்று காலை எந்த வழி பிழைக்கும் என்று யாருக்கும் தெரியாது. இன்னும் ஒரே நாள்தான் என்று தெரிந்திருந்தால் அவர்கள் போயிருப்பார்களா? முடிவு தெரிந்த பிறகு தீர்ப்புச் சொல்வது நமக்குச் சுலபம். ஆனால் தன் உயிருக்கே உத்தரவாதம் இல்லாத அந்த நேரத்திலும், தான் ஏறப்போகாத படகைத் தூக்கிக் கொடுத்துவிட்டுப் போனவனைக் கோழை என்று எப்படிச் சொல்வது?