துண்டு

நாங்கள் கோப்பை கழுவும் சமையலறைகளுக்கு விளம்பரம் பார்த்து வந்தவர்கள் குறைவு. ஒருவர் இன்னொருவரைக் கூட்டிவந்தார். முதலாளிக்கு ஆள் கிடைத்தது. இப்படி ஆள் சேர்ப்பதற்கு எங்கள் தீவில் நீண்ட வரலாறு உண்டு.

1830களில் கண்டி மலைகளில் கோப்பித் தோட்டங்கள் பெருகத் தொடங்கின. பழம் பறிக்கும் மாதங்களில் ஏராளமான ஆட்கள் தேவைப்பட்டனர். தென்னிந்தியக் கிராமங்களை அறியாத துரைமார் அந்த வேலையைக் கங்காணியிடம் விட்டனர். தோட்டம் கொடுத்த முற்பணத்தில் கங்காணி தன் ஊரிலும் உறவிலும் ஆட்களைத் திரட்டினார். வழிச்செலவு தொழிலாளியின் பெயரில் கடனாக ஏறியது. மன்னாரில் இறங்கி மாத்தளைக்கு நடந்த வழியில் பலர் மாண்டனர். எஞ்சியோர் கடனாளிகளாகவே வேலையைத் தொடங்கினர்.

கோப்பி நோயில் அழிந்து தேயிலை பரவியதும் ஆண்டு முழுவதும் ஆள் வேண்டியிருந்தது. கங்காணி தன் கூட்டத்தோடு வேறு தோட்டத்துக்குப் போகலாம். ஆனால், 'இவ்வளவு கடனைக் கட்டினால் இவர்களை விடுவிப்போம்' என்று பழைய துரை எழுதிய துண்டு வேண்டும். புதிய துரை அதைக் கட்டி, மேலும் முற்பணம் கொடுத்து அவர்களை எடுப்பார். ஆளுக்குப் போட்டி கூடக் கடன் ஏறியது. கூலி அப்படி ஏறவில்லை. 1921இல் சட்டம் துண்டை ஒழித்தது. கங்காணி அதன் பின்னும் இருந்தார்.

துரைமாருக்கு அது வசதியான ஏற்பாடு. உழைப்பு தோட்டத்துக்கு, பொறுப்பு கங்காணிக்கு, கடன் தொழிலாளிக்கு.

இன்று எங்களிற் சிலர் சொந்தமாகக் கடை திறந்து ஆள் எடுக்கிறார்கள். 'எங்கட பெடியன்' என்று ஒருவனைச் சேர்க்கும்போது, அவனுடைய முதற் சம்பளம் யார் கைக்குப் போகிறது என்று கேட்க வேண்டும். கங்காணியும் ஊரவர்தான்.