கடிகாரப் பன்னிரண்டும் கதிரவன் பன்னிரண்டும்

வானத்தைப் பற்றி நம் காலனிச் சிறுவர்கள் கேட்கும் வினாக்கள் பலவாகும். விண்மீன் ஏன் மினுக்குகிறது, சந்திரன் ஏன் நாம் போகுமிடமெல்லாம் கூட வருகிறது என்பன போன்றவற்றுக்குப் பாடப் புத்தகங்களிலேயே விடை கிடைக்கும். விடுமுறைக்குச் சென்னைக்குப் போய் மீண்டும் கரக்பூர் திரும்பும் குடும்பங்களில் மட்டும் வேறொரு வினா தவறாமல் எழுகின்றது. "அங்கே மார்கழியில் ஆறு மணி வரை வெளிச்சம் இருந்ததே; இங்கே ஐந்து அடித்தவுடன் விளக்கேற்ற வேண்டியிருக்கிறதே, ஏன்?" என்று கேட்கிறார்கள். "நாம் கிழக்கே இருக்கிறோம்" என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டுப் பெரியவர்கள் செய்தித்தாளைப் பிரித்துக் கொள்கிறோம். விடை பெரும்பாலும் சரியானதே. ஆயினும் அவ்விடைக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. அதில் சென்னைப் பட்டணத்துக்கும், நமக்குச் சோறிடும் இருப்புப் பாதைக்கும் பெரும் பங்கு உண்டு.

முதலில் கணக்கைப் பார்ப்போம். பூமி தன்னைத் தானே ஒருமுறை சுற்றும் 360 பாகைகளை 24 மணிக்குப் பங்கிட்டால் ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் விழும். இந்தியா முழுவதற்கும் உரிய நேரம், மிர்ஜாப்பூர் அருகே செல்லும் எண்பத்திரண்டரைப் பாகைத் தீர்க்கரேகையைக் கொண்டு கணிக்கப்படுவது. நம் ஊர் அதற்கு ஏறத்தாழ ஐந்து பாகை கிழக்கே உள்ளது. சென்னை இரண்டேகால் பாகை மேற்கே. ஆகவே சராசரியாக நமக்கு நண்பகல் 11.41க்கே வந்துவிடுகிறது, சென்னையில் 12.09க்கும், மும்பையில் 12.39க்கும் வருகிறது. நாம் வடக்கே இருப்பதால் மார்கழிப் பகற்பொழுது சென்னையைவிட அரைமணிக்கு மேல் குறைவு என்பதையும் சேர்த்துக் கொள்க. அதோடும் முடியவில்லை. பூமி சூரியனைச் சுற்றும் பாதை முழுவட்டம் அன்று. அதன் அச்சும் சாய்ந்தது. அதனால் சூரியன் பிப்ரவரியில் சராசரிக்குப் பதினான்கு நிமிடம் பிந்தியும், நவம்பர்த் தொடக்கத்தில் பதினாறு நிமிடம் முந்தியும் உச்சிக்கு வருகிறான். எப்படிக் கூட்டிக் கழித்தாலும், கரக்பூரில் ஆண்டின் எந்த நாளிலும் கடிகாரப் பன்னிரண்டும் கதிரவன் பன்னிரண்டும் ஒன்றுவதில்லை.

இரயில் வருமுன் இத்தொல்லை இல்லை. ஒவ்வோர் ஊரும் தன் சூரியனைத் தானே வைத்துக்கொண்டிருந்தது. நாகப்பட்டினத்து நண்பகல் மதுரைக்கு வேண்டியதில்லை. 1853-ல் பம்பாயிலிருந்து தாணாவுக்கும், 1856-ல் இராயபுரத்திலிருந்து வாலாஜாவுக்கும் வண்டி ஓடத் தொடங்கிய பின்னரே நேரம் என்பது உயிர்ப் பிரச்சினையாயிற்று. ஒற்றைப் பாதையில் எதிரெதிரே இரு வண்டிகள் வரும்போது, இரண்டு நிலையங்களின் கடிகாரங்கள் இரண்டு சூரியன்களை நம்பிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்பதை நம் காலனியில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை.

பம்பாய் நேரம் கிரீனிச்சுக்கு 4 மணி 51 நிமிடம் முந்தியது. கல்கத்தா நேரம் 5 மணி 53 நிமிடம் முந்தியது. இரண்டுக்கும் இடையே ஒரு மணிக்கு மேல் வேற்றுமை. பெரிய மாகாணங்கள் இரண்டும் ஒன்றற்கொன்று விட்டுக்கொடா. சென்னை நேரமோ 5 மணி 21 நிமிடம் 14 விநாடி. ஏறக்குறைய நடுவில் நின்றது. எனவே பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய இருப்புப் பாதைகள் 'மதராஸ் டைம்' என்பதையே தங்கள் நேரமாகக் கொண்டன. கல்கத்தாக்காரர் ஒருவர் தம் ஊர்க் கடிகாரத்தைப் பார்த்து வண்டியேறப் புறப்பட்டால், நிலையத்துக் கடிகாரம் முப்பத்திரண்டு நிமிடம் பின்தங்கியிருக்கக் காண்பார். அவருக்கு அது வசதி. பம்பாய்க்காரர்தாம் வண்டியைத் தவறவிட்டிருப்பார்!

நடுவில் இருந்தது மட்டுமே காரணம் அன்று. நேரத்தைக் கணித்துக் கொடுக்க வல்ல நிலையம் சென்னையில் இருந்தது. வில்லியம் பெட்ரி என்னும் கம்பெனி அதிகாரி 1786-ல் சொந்தச் செலவில் தொடங்கிய சிறு வானாராய்ச்சிக் கூடம் கம்பெனியாரிடம் வந்து, மைக்கேல் டாப்பிங் வகுத்த திட்டப்படி 1792-ல் நுங்கம்பாக்கத்தில் கட்டிடம் பெற்றது. கருவி அசையாதிருக்கப் பத்து டன் எடையுள்ள கருங்கல் தூண் ஒன்றை நாட்டினார்கள். அதில் தமிழும் தெலுங்கும் உட்படப் பல மொழிகளில் எழுத்துப் பொறித்தார்கள். கல்லூரிச் சாலையில் இன்று வானிலை ஆய்வு மையம் இருக்கும் வளாகத்தில் அத்தூண் நிற்கிறது.

அங்கே நேரத்தைச் சூரியனிடம் கேட்கவில்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். சூரியன் பிந்துவதும் முந்துவதும் உண்டென்று கண்டோம். விண்மீன்களோ பிசகுவதில்லை. ஒரு விண்மீன் இன்று உச்சிக் கோட்டைக் கடந்தால், 23 மணி 56 நிமிடம் 4 விநாடி கழித்து மீண்டும் அதே கோட்டைக் கடக்கும். வடக்குத் தெற்காக மட்டுமே அசையும்படி பொருத்திய தொலைநோக்கியில் மெல்லிய இழைகளைக் கட்டி, விண்மீன் இழையைக் கடக்கும் கணத்தைக் கடிகாரத்தோடு ஒத்துப் பார்த்தார்கள். அவ்வாறு திருத்திய நேரம் தந்தி வழியே நிலையங்களுக்குச் சென்றது. ஊர் உறங்க, அங்கே ஒருவர் விழித்திருந்ததால் நாட்டில் வண்டிகள் மோதாமல் ஓடின எனலாம்.

அப்படி விழித்திருந்தவருள் ஒருவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. பஞ்சாங்கம் கணிக்கும் மரபில் வந்தவர். சென்னைப் பல்கலைக்கழகம் 1857-ல் தோன்றுவதற்கு முன்பே இந்நிலையத்தில் பணியில் இருந்தவர். ஒளி கூடிக் குறையும் விண்மீன் ஒன்றை 1867-ல் தென்வானத்தில் கண்டறிந்தார். 1872-ல் இலண்டன் அரச வானியல் கழகம் அவரை உறுப்பினராக்கிக் கொண்டது. 1874-ல் வெள்ளிக்கோள் சூரியனின் குறுக்கே கடக்கப் போவதை மக்கள் அறியும்பொருட்டு, உரையாடல் வடிவில் ஒரு நூலை எழுதிப் பல இந்திய மொழிகளில் வெளிவரச் செய்தார். பழைய வாக்கிய முறையை விட்டு, கண்ணால் காணும் கோள்நிலையோடு ஒத்துவரும் திருக்கணித பஞ்சாங்கத்துக்காகவும் உழைத்தார். 1880-ல் மறைந்தார். இத்தகையவரின் பெயரைச் சொன்னால் நம் பிள்ளைகள் விழிக்கிறார்கள். கிரீனிச் என்றால் தெரிகிறது.

சென்னை நேரத்தை எல்லோரும் மனமுவந்து ஏற்றனர் என்று எண்ண வேண்டா. 1881-ல் பம்பாய் ஆளுநர் ஜேம்ஸ் பெர்குசன் அந்நகர அலுவலகங்களுக்கும் அதனையே விதித்தார். மக்கள் பலமாக எதிர்த்தனர். 1883-ல் ஆணை கைவிடப்பட்டது. 1905-ல் இருப்புப் பாதைகளும், 1906 ஜனவரி முதல் நாள் நாடும் இன்றைய பொது நேரத்துக்கு மாறின. அப்போதும் கல்கத்தா 1948 வரையிலும், பம்பாய் 1955 வரையிலும் தத்தம் நேரத்தை விடவில்லை. சென்னையோ ஓசையின்றித் தன் நேரத்தை விட்டுக் கொடுத்தது. வான ஆராய்ச்சியும் 1899-ல் கொடைக்கானலுக்குச் சென்றுவிட்டது. இன்று நாட்டின் நேரத்தைக் காப்பவை டில்லி தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்து அணுக் கடிகாரங்கள்.

இனி இல்லத்தரசிகளுக்கு ஒரு சொல். ஊரிலிருந்து வரும் நாட்காட்டியில் திங்கட்கிழமை இராகு காலம் 7.30 முதல் 9 வரை என்றிருக்கும். அது, காலை ஆறுக்கு உதயமாகி மாலை ஆறுக்கு அடையும் சூரியனுக்கு உரிய கணக்கு. பகற்பொழுதை எட்டாகப் பகுத்து இரண்டாம் பகுதியை எடுப்பதே முறை. அதில் நம்பிக்கை வேண்டுமா என்பது வேறு வழக்கு. கணக்கு கணக்காக இருக்கட்டும். ஜூன் மாதக் கடைசியில் கரக்பூரில் சூரியன் ஐந்து மணிக்கு முன்பே எழுகிறான். பகல் பதின்மூன்றரை மணி. ஆகவே இங்கே திங்கட்கிழமை இராகு காலம் காலை 6.38க்குப் பிறந்து 8.20க்கே முடிந்துவிடுகிறது. 8.30க்குப் புறப்படும் பிள்ளைகளை ஒன்பது வரை வாசலில் நிறுத்தி வைப்பது வீண். மார்கழியில் மட்டும் 7.37 முதல் 8.57 வரை என்று நாட்காட்டியோடு ஏறக்குறைய ஒத்துப் போகும்.