வணக்க முறைகள்

வணக்க முறைகள் என்பவை இருவர் சந்திக்கும்போதும் பிரியும்போதும் மரியாதையை உணர்த்தும் சொற்களும் உடல் அசைவுகளும் ஆகும். ஜப்பானியர் குனிவர், நியூசிலாந்தின் மாவோரியர் மூக்கையும் நெற்றியையும் ஒற்றுவர்.

சென்னைக்கு மேற்கே கரையான்சாவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் கைகூப்பி 'வணக்கம்' சொல்வதே பொது வழக்கு. தனித்தமிழ், திராவிட இயக்கங்களின் செல்வாக்கால் 'நமஸ்காரம்' பின்தங்கியது. இஸ்லாமியர் 'அஸ்ஸலாமு அலைக்கும்' என்பர்; பதில் 'வ அலைக்குமுஸ்ஸலாம்'. கிறித்தவர் பலர் 'ஸ்தோத்திரம்' என்பர். மாலையணிந்த ஐயப்ப பக்தர் சிறுவரானாலும் 'சாமி'தான். அண்டை அயலாருக்கு 'சாப்டாச்சா?' போதும், விரிவான பதிலை எவரும் எதிர்பார்ப்பதில்லை.

வைணவர் தம்மை 'அடியேன்' என்று சொல்லி, விழுந்து சேவிப்பர். யார் யாரை வணங்கலாம் என்பதில் சாதி குறுக்கிட்டதும் உண்டு: பூந்தமல்லியில் பிறந்த வைணவ அடியார் திருக்கச்சி நம்பிகளை, வைணவ ஆசாரியர் இராமானுசர் குருவாக ஏற்க முற்பட்டபோது, தம் பிறப்பைக் காட்டி நம்பிகள் மறுத்ததாக வைணவ மரபு கூறும்.